விளக்கேற்ற எதற்குப் பயம்?

கார்த்திகை நெருங்கினால் கும்பகோணத்துப் பாத்திரக்கடைகளில் நிற்க இடம் இருக்காது. எங்கள் கடையில் கல்லாவில் உட்காருவது நான்தான். விளக்குகள் இருக்கும் பக்கத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் விளக்கு வாங்க வருகிறவர்கள் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டில் எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்று விரலை வைத்து ஆழம் பார்ப்பார்கள். எடை போடச் சொல்வார்கள். இப்போது பாதிப் பேர் கைப்பேசியைத் திறந்து ஒரு பட்டியலைப் படிக்கிறார்கள். கடன் தீர இந்த எண்ணெய், கல்யாணம் கூடிவர இந்தத் திரி, பிள்ளை படிப்புக்கு இத்தனை முகம், வாசலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, தென்மேற்கு மூலைக்கு ஒன்று. படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, "இதுல ஏதாச்சும் ஒண்ணை விட்டாலும் தப்பாயிடுமாக்கா?" என்று கேட்கிறார்கள்.

ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கல்லாவில் இருந்துகொண்டு இப்படிப் பேசினால் வியாபாரம் என்ன ஆவது என்று வீட்டில் பிள்ளைகள் கேட்கிறார்கள். விளக்கு விற்றுத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. அந்த உரிமையில் சொல்கிறேன், ஒரு வீட்டுக்கு நல்ல விளக்கு ஒன்று போதும். பிரியப்பட்டால் ஜோடியாக இரண்டு வையுங்கள். அதற்கு மேல் ஆசைக்கு வாங்குங்கள், அழகுக்கு வாங்குங்கள், பெண்ணுக்குச் சீர் கொடுக்க வாங்குங்கள். பயந்துபோய் வாங்காதீர்கள். பயத்தோடு வாங்கிப்போன விளக்கு எதுவும் தினமும் எரிவதில்லை; கொஞ்ச நாளில் பரணுக்குப் போய்விடுகிறது. வாடிக்கையாளர் வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போது என் கண்ணாலேயே பார்க்கிறேன்.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கணினி வேலை, அடுக்குமாடி வீடு, கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அம்மா கொடுத்த காமாட்சி விளக்கைப் பையில் துணி சுற்றி எடுத்து வந்திருந்தாள். கஜலட்சுமி இருக்கும் பின்தகடு முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. அது கெட்ட சகுனம், பழைய விளக்கை ஆற்றில் விட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்று யாரோ காணொளியில் பேசியதைக் கேட்டுவிட்டுப் பல நாள் தூங்கவில்லை என்றாள். நான் திரியைப் பார்த்தேன். கால் விரல் மொத்தத்துக்குத் திரித்து, அரை அங்குலம் வெளியே இழுத்துவிட்டிருந்தாள். அவ்வளவு பெரிய சுடருக்கு வேண்டிய காற்று கிடைக்காது. உறிஞ்சப்பட்ட எண்ணெய் முழுக்க எரியாமல் கரியாகி மேலே போய்த் தகட்டில் ஒட்டும். திரியை மெலிதாக்கி, ஒரு நெல் நீளத்துக்கு மட்டும் வெளியே விட்டு, கடையிலேயே ஏற்றிக் காட்டினேன். சுடர் நிமிர்ந்து நின்றது, புகையே இல்லை. அந்த விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினோம். புதிது விற்கவில்லை.

விளக்கு காட்டும் "அறிகுறி"கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. சுடர் படபடவென்று பொரிந்தால் திரியிலோ எண்ணெயிலோ தண்ணீர் இருக்கிறது. கழுவிய விளக்கைத் துடைக்காமல் எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக்கு எதிரே ஜன்னலோ மின்விசிறியோ இருக்கிறது. நன்றாக எரிந்துகொண்டிருந்தது மெல்ல மெல்ல மங்கினால் திரி நுனியில் கரி கட்டிவிட்டது. தூண்டுகோலால் தட்டிவிட்டால் சரியாகிவிடும். மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் விளக்கு நின்றுவிட்டால் எண்ணெய் உறைந்திருக்கிறது, வீட்டுக்கு எந்தத் தீங்கும் வரப்போவதில்லை. இதையெல்லாம் நம் பாட்டிமார்கள் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்தே தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த அறிவு கைமாறாமல் போன இடத்தில்தான் சகுனம் சொல்கிறவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளில் விளக்குக்கு நல்லெண்ணெய். நாள் கிழமைக்கு நெய். எள்ளைச் செக்கில் போட்டு, கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிற எண்ணெய் சீக்கிரத்தில் சிக்கு வாடை அடிக்காது. கெட்டுப்போகாமல் காக்கும் பொருள்கள் எள்ளிலேயே இயற்கையாக இருக்கின்றன. நிதானமாக எரியும். சமையலுக்கும் அதே டப்பா, சனிக்கிழமை தலைக்கும் அதே டப்பா, சாமி விளக்குக்கும் அதே டப்பா. இன்றைக்குப் பூஜை எண்ணெய், தீப எண்ணெய் என்று கலர் கலராகக் குப்பிகள் வந்திருக்கின்றன. மல்லிகை மணம், சந்தன மணம், ஐந்து எண்ணெய்க் கூட்டு. குப்பியைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில், உண்பதற்கு உகந்ததல்ல என்று இருக்கும். எந்த எண்ணெய் எத்தனை பங்கு என்று பல குப்பிகளில் இருக்காது.

உண்ண முடியாத எண்ணெயில் விளக்கேற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் ஊருக்குள் வருவதற்கு முன்னால் ஆமணக்கும் புங்கமும் இலுப்பையும்தான் நம் வீடுகளின் இருட்டைப் போக்கின. கோயில்களுக்கென்று இலுப்பைத் தோப்புகளே இருந்தன. மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று ஊர். அங்குள்ள சிவன் கோயிலுக்குத் தலமரமும் இலுப்பைதான். அந்த எண்ணெய் எந்த மரத்திலிருந்து வந்தது, எந்தச் செக்கில் ஆடியது என்று ஏற்றுகிறவருக்குத் தெரியும். இன்றைய குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று ஏற்றுகிறவருக்கும் தெரியாது, விற்கிற எனக்கும் தெரியாது. மூடிய சின்னப் பூஜை அறையில், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, காலையும் மாலையும் எரியப்போகிற ஒன்றைப் பற்றி இவ்வளவு தெரியாமல் இருப்பது சரியில்லை. சமையல் எண்ணெய்க் குப்பியில் எழுதச் சொல்லும் விவரத்தைப் பூஜை எண்ணெய்க் குப்பியிலும் எழுதச் சொல்லிச் சட்டம் வர வேண்டும். அதுவரைக்கும் எங்கள் கடையில் அந்தக் குப்பிகளை வைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்.

நல்லெண்ணெய் விலை ஏறிவிட்டதே என்பார்கள். ஏறித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் காமாட்சி விளக்கில் ஒற்றைத் திரி போட்டு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேலே எரியும். மாலையில் ஏற்றி, கும்பிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போடும் வரைக்கும் அது போதும். ஐந்து முகம் ஏற்றிக் கலப்பட எண்ணெய் ஊற்றுவதைவிட ஒரு முகம் ஏற்றி நல்ல எண்ணெய் ஊற்றுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

நம் பெரியவர்கள் விளக்கைப் பற்றிக் கல்லில் வெட்டிவைத்ததைப் படித்தால் எனக்கு மனசு நிறைகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு திருவிளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதற்கு 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்து, நெய் அளக்க வேண்டிய பொறுப்பையும் பெயர் சொல்லி எழுதிவைத்தார்கள். கிழடாகிச் சாகிற ஆட்டுக்குப் பதில் குட்டிகள் வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். ஒரு சுடர் ஆயிரம் வருடம் எரிய வேண்டும் என்று நினைத்த அரசன் முதலில் யோசித்தது நெய் எங்கிருந்து வரும், யார் கொண்டுவந்து அளப்பார் என்பதைத்தான்.

திருவொற்றியூர்க் கலிய நாயனார் கதையும் எண்ணெய்க் கதைதான். செக்காட்டும் குலத்தில் பிறந்தவர். கோயிலின் உள்ளும் புறமும் விளக்கேற்றிக் கைப்பொருள் கரைந்துபோக, அடுத்தவர் செக்கில் கூலிக்கு வேலை பார்த்து அந்தக் கூலியில் ஏற்றினார் என்று பெரிய புராணம் சொல்கிறது. கடைசியில் தன் உதிரத்தையே எண்ணெயாக ஊற்றத் துணிந்தார். இதைச் சின்ன வயதில் ஓதுவார் சொல்லக் கேட்டபோது நான் அழுதிருக்கிறேன். அவர் தனக்கு எதுவும் வேண்டும் என்று கேட்டு ஏற்றியதாகப் புராணத்தில் இல்லை.

இன்னும் பின்னால் போகலாம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஒரு மாலைக் காட்சி வருகிறது. அடைமழை. மேகம் மூடி, பொழுது சாய்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. வீட்டுப் பெண்கள் தட்டில் போட்டுவைத்த பிச்சி அரும்பு மலர்ந்து மணக்கிறதைக் கொண்டு மாலை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள். எண்ணெயில் நனைந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் பூவும் தூவிக் கைதொழுகிறார்கள். அந்த விளக்கு இரும்பால் செய்தது. இரும்பில் விளக்கேற்றவே கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி ஒரு தாத்தா காலத்து இரும்பு மாடவிளக்கை எங்கள் கடையில் பழைய சாமானாகப் போட வந்தார்கள். நான் வாங்க மறுத்து, இந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் தமிழ்ப் பெண்கள் ஏற்றிக் கும்பிட்ட உலோகம் இன்றைக்கு எப்படி ஆகாததாகிவிடும்?

விளக்கு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அதைப் பார்த்துப் பயம் வராது. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகிற சாலையில் கொஞ்ச தூரத்திலேயே நாச்சியார்கோவில். கல் கருடனுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. அங்கே பத்தர்கள் காவிரிப் பக்கத்து வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்க்கிறார்கள். பக்கத்திலேயே சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள் மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நாச்சியார்கோவில் முறை வேறு. இரண்டு பாதியாக இருக்கும் சட்டத்துக்குள் மண்ணை இடித்து நிரப்பி, நடுவில் விளக்குப் பாகத்தின் மாதிரியை வைத்து அழுத்தி எடுத்துவிடுவார்கள். மாதிரி விட்டுப்போன பள்ளத்தில் உருகிய பித்தளை போகும். மண் நைஸாக இருக்க வேண்டும், கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்க வேண்டும். அங்கே எத்தனையோ பெரியவர்கள் மண்ணை ஒரு பிடி பிடித்துப் பார்த்தே இது ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவார்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். பித்தளை உருகுவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். கொஞ்சம் கூடக் காய்ச்சினால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்விடும். குறைவாகக் காய்ச்சினால் அச்சின் மூலைமுடுக்குக்கு உலோகம் ஓடாது. மூசையின் வாயில் சுடர் என்ன நிறத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே பத்தர் ஊற்றுவார். ஆறியதும் மண்ணை உடைத்து எடுத்து, அரம் போட்டு, கடைசல் பிடித்து, மெருகேற்றி, மரை வெட்டி ஒவ்வொரு பாகமாகத் திருகிச் சேர்ப்பார்கள். கீழே பீடம், அதன் மேல் தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம். அந்தப் புகையும் சூடும் ஏறிய நெஞ்சோடு வேலை செய்கிறவர்கள் அவர்கள். அந்தத் தெருவில் எத்தனை பட்டறைகள் மூடிக் கிடக்கின்றன என்று போகிறபோதெல்லாம் பார்க்கிறேன். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். தமிழக அரசின் பூம்புகார் நிறுவனம் அங்கே பட்டறை நடத்துகிறது. அதுவும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

பட்டியலைப் பார்த்து விளக்கு வாங்குவதால் வரும் இன்னொரு கேடு இங்கேதான் தெரிகிறது. ஒன்பது விளக்கு வேண்டும் என்றால் ஒன்பதும் மலிவாகத்தான் வாங்க முடியும். அப்போது கைக்கு வருவது தங்கக் கலர் பூசிய அலுமினியம், அல்லது இரும்புத் தகட்டின் மேல் மஞ்சள் முலாம். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது பித்தளை இல்லை. அலுமினியம் கையில் தூக்கினாலே தெரிந்துவிடும், அதே அளவு பித்தளையில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். பித்தளையிலும் இப்போது கறுக்காது, தேய்க்கவே வேண்டாம் என்று சொல்லி மேலே லாக்கர் அடித்து வருகிறது. காட்சிக்கு வைக்கும் சிலைக்கு அந்தப் பூச்சு சரி. எரிகிற விளக்குக்குச் சரிப்படாது. சுடர் பக்கத்தில் சூடு பட்டு அந்தப் பூச்சு பழுப்பாகிக் கருகி உரியும். பிறகு புளி போட்டால் உரிந்த இடம் பளபளக்கும், உரியாத இடம் அப்படியே திட்டுத் திட்டாக நிற்கும். வாங்கும்போதே பூச்சில்லாத விளக்காகக் கேளுங்கள். கொடுக்காத கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தேய்ப்பதைப் பாரமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய வேட்டித் துணியால் வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு சூடான அரிசிக் கழுநீரில் கொஞ்ச நேரம். பிசுக்கு போகாமல் புளியைப் போட்டால் புளி வழுக்கிக்கொண்டே இருக்கும், கை வலிதான் மிச்சம். பிசுக்கு போனபின் ஊறின புளியைத் தடவிச் சில நிமிடம் விட்டால் கறுப்பை அந்தப் புளிப்பே கரைத்துவிடும். ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள். மேல்புறத்துத் துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு நிறம் எழும்பிவிடும். கம்பி நார் வேண்டவே வேண்டாம். பத்தர் கையால் வெட்டிய கோடுகளெல்லாம் அதில் தேய்ந்துபோகும். கழுவியவுடன் துணியால் துடைத்து வெயிலில் காட்டிவிட்டால் பச்சைக் களிம்பு பிடிக்காது. எங்கள் மாமியார் வியாழக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் உட்கார்ந்து இதைச் செய்வார். வெள்ளிக்கிழமைக்கு விளக்கு தயாராக இருக்க வேண்டும் என்பது கணக்கு. வெள்ளிக்கிழமை தேய்த்தால் லட்சுமி போய்விடுவாள் என்று அவர் சொன்னதில்லை. என்னைப் பொறுத்தவரை, அந்தக் கிணற்றடி வேலையிலேயே பாதிப் பூஜை முடிந்துவிடுகிறது. தேய்க்கிற கை அந்த நேரத்தில் வேறெதையும் நினைப்பதில்லை.

மற்றப் பூஜை சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணி வாங்கும்போது ஆட்டிப் பார்த்து, நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். வெண்கல மணியில் நீளமாக நிற்கும். பஞ்சபாத்திரமும் உத்தரணியும் செம்பில் இருக்கட்டும், தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்க முடியும் என்றால். தூபக்காலுக்குக் கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை சுடும். கற்பூரம் மட்டும் கொஞ்சம் யோசித்து ஏற்றுங்கள். ஒரு காலத்தில் கற்பூர மரத்திலிருந்து வந்தது. இன்றைக்குக் கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. கரி அதிகம். கருவறைச் சுவரும் விக்கிரகமும் கரியேறுவதால் பல கோயில்களிலேயே உள்ளே கற்பூரம் காட்டுவதை நிறுத்தி நெய் விளக்கால் ஆரத்தி எடுக்கிறார்கள். வீட்டிலும் அப்படிச் செய்யலாம். சாமிக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

யார் ஏற்றலாம் என்ற கேள்விதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரியது.

என் கணவர் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடி கடைக்கு வந்த அன்று சாயங்காலம், கடை விளக்கை ஏற்றப் போனேன். உறவுக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். "நீ ஏன்மா, மருமக ஏத்தட்டுமே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்தார். அவர் முப்பது வயதுக்கு முன்னாலேயே தாலியறுத்தவர். "நீயே ஏத்துடி. யாரு ஏத்தினான்னு பாத்தா வெளிச்சம் வருது?" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த விளக்கை நான்தான் ஏற்றுகிறேன். கடையும் நடக்கிறது, பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள்.

கல்யாண மண்டபங்களில் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் பெண்ணைப் பெற்ற அம்மா, கணவரை இழந்தவர் என்பதால், தூண் மறைவில் நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த விளக்கை எங்கள் கடையில் தேடித் தேடி எடுத்தது அவர்தான். காசு சேர்த்ததும் அவர்தான். ஏற்றுகிற நேரத்தில் மட்டும் வேறு யாரோ ஒரு சுமங்கலியைக் கூப்பிடுகிறார்கள். எந்தச் சாமி இதைக் கேட்டது? கும்பகோணத்தில் மட்டும் எத்தனை கோயில் இருக்கிறது, எந்தக் கோயிலில் விளக்குப் போட வரும் பெண்ணிடம் நீ யார் என்று கேட்கிறார்கள்? கல்யாணம் வைத்திருக்கும் குடும்பங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், முதல் திரியை அந்த அம்மாவையே ஏற்றச் சொல்லுங்கள். விளக்கு வாங்க வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் இதைக் கேட்டே விடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் செய்துகாட்டியிருக்கிறார்கள்; புகைப்படம் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

ஆண்களுக்கும் சொல்கிறேன். மனைவி ஊருக்குப் போனால் விளக்கு எரியாத வீடுகள் நிறைய. ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவதற்கு ஆண் பெண் என்று எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை. பையன்களுக்குப் பத்து வயதிலேயே திரி திரிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

பயத்தால் உயிருக்கே ஆபத்து வரும் இடம் ஒன்று இருக்கிறது. விளக்கு தானாகவே மலையேற வேண்டும், நாமாக அமர்த்தினால் குடும்பம் அணைந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதை நம்பி எரிகிற விளக்கோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அடுக்குமாடி வீடுகளில் பூஜை அலமாரி பெரும்பாலும் பிளைவுட். மேல் தட்டுக்கும் சுடருக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருப்பதில்லை. பல வீடுகளில் அந்த அலமாரி சமையலறையிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே கிளம்பும்போது ஒரு பூவின் காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுங்கள். அவ்வளவுதான், அதில் பாவம் எதுவுமில்லை. விளக்கைத் தாம்பாளத்தில் வைத்து ஏற்றுங்கள், எண்ணெய் வழிந்தாலும் தட்டோடு நிற்கும். செயற்கை இழைப் புடவை கட்டியிருந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனியுங்கள். கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக அகல் வைக்கும்போது பாவாடை கட்டிய சின்னப் பிள்ளைகளைக் கூட்டத்தில் தனியே விடாதீர்கள். புது அகலை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் காயவைத்து எடுத்தால் எண்ணெயைக் குடிக்காது. வேளார் தெருவில் போய் அவர்களிடமே வாங்குங்கள். இன்னும் சக்கரம் சுற்றுகிறவர்கள் சிலர் மிச்சமிருக்கிறார்கள்.

பழைய விளக்குகளை ஆற்றில் விடுகிற பழக்கத்தை நிறுத்த வேண்டும். அரிசலாற்றிலும் காவிரியிலும் தண்ணீர் வற்றும்போது பையன்கள் பித்தளை பொறுக்குகிறார்கள். அம்மாவும் பாட்டியும் ஏற்றிய விளக்கு கடைசியில் எடைக்குப் போகிறது. ஓட்டை விழுந்த விளக்கு, ஆடுகிற விளக்கு, எண்ணெய் கசிகிற விளக்கு எதுவும் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. கசிவு என்றால் பெரும்பாலும் தட்டும் தண்டும் சேரும் மரை தேய்ந்திருக்கும், இல்லையென்றால் வார்ப்பில் ஊசி முனைத் துளை இருக்கும். இரண்டையும் சரிசெய்யலாம். மரை புதிதாக வெட்டலாம், துளையைப் பற்றவைத்து அடைக்கலாம், நெளிந்த பிரபையைத் தட்டி நிமிர்த்தலாம். பித்தளை எத்தனை தலைமுறைக்கும் வரும். நாச்சியார்கோவில் பட்டறைகளில் இந்த வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். புது விளக்கு வார்ப்பில்லாத மாதங்களில் பழுது வேலைதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. உங்கள் ஊர்ப் பாத்திரக்கடையிலும் கேட்டுப் பாருங்கள், வாங்கி அனுப்பிவைப்பார்கள். கொண்டுபோகும்போது விளக்கைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்க வேண்டாம், பாகம் பாகமாகக் கழற்றவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே எடுத்துப் போங்கள். கசிவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அந்தப் பிசுக்கின் தடத்தைப் பார்த்துத்தான் பத்தர் கண்டுபிடிப்பார்.